மேல்வீட்டு ஈரம்

ஜெலுத்தோங்
5 அக்டோபர் 2024

ஜெகதீஸ்வரி அக்காவுக்கு,

உங்களுக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் இருக்கும் சித்தி ஆயிஷா எழுதுகிறேன். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற இரண்டு பேர் கடிதம் எழுதிக்கொள்வார்களா என்று என் வீட்டுக்காரர் சாஹித் சிரிக்கிறார். வேறு என்ன செய்ய? போன் நம்பர் கேட்டால் "மாத்திட்டேன், யாருக்கும் குடுக்கறதில்ல" என்கிறீர்கள். நேரில் பேசினாலோ நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன வாரம் படியில் நாம் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பல்லைக்கூட மாட்டாமல் ஓடி வந்து பார்த்தார். அந்தக் கூத்து இன்னொரு தடவை வேண்டாம்.

எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் ஈரம். ஆகஸ்டில் ஒரு தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை இருந்தது. இப்போது அலமாரி வரை ஓடிவிட்டது, சுற்றிக் கறுப்புப் பூஞ்சணம். பிளீச் போட்டுத் துடைத்தேன். பூஞ்சணம் வராது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்த சாயத்தை வாங்கி அடித்தேன். அந்தச் சாயத்தையும் துளைத்துக்கொண்டு வருகிறது. நேற்று அலமாரியைத் திறந்தால் இவருடைய சொங்கோக் தொப்பி மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு பூத்துக் கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவருக்கு நெஞ்சு சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாசி கண்டார் சோற்றுக்கடையைத் தம்பி மீரா சாகிப்பிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பதே அதனால்தான். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அந்த ரூம்ல படுக்காதீங்க. இந்தப் பூஞ்சணம் உள்ள போனா மறுபடியும் ஆக்சிஜன்தான்." மனுஷன் இப்போது ஹால் சோபாவில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். சொந்த வீட்டில், சொந்தக் கட்டில் இருக்கும்போது.

தண்ணீர் மேலேயிருந்துதான் வருகிறது. புதன்கிழமை பிளம்பர் ஜெயராஜ் வருவான். உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறான். கதவைத் திறந்து விடுங்கள் அக்கா. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

அன்புடன்,
சித்தி ஆயிஷா


7 அக்டோபர் 2024

திருமதி சித்தி ஆயிஷா அவர்களுக்கு,

நீங்கள் கிரில்லில் செருகிவிட்டுப் போன கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் நலமாக வேண்டும் என்று கடவுளை வேண்டுகிறேன். அதில் எந்த வேஷமும் இல்லை.

ஆனால் என் குளியலறையில் கசிவு கிடையாது. குழாய்கள் நன்றாக மூடுகின்றன. பினாங்கில் மழைக்காலத்தில் பூஞ்சணம் வராத வீடு எது? என்மேல் பழி போடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். நாள் முழுக்க ஏர்கான் ஓடுகிறது, சன்னல் ஒன்றுகூடத் திறப்பதில்லை. கதவு திறந்திருக்கும்போது பார்த்திருக்கிறேன், ஹாலிலேயே கயிறு கட்டி ஈரத் துணியைக் காயப்போடுகிறீர்கள். அந்த ஈரம் எங்கே போகும்? சுவரில்தான் போய் உட்காரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும்படி தள்ளி வையுங்கள். காற்று போனாலே பாதி சரியாகும்.

பிளம்பர் உள்ளே வருவது எனக்கு வசதிப்படாது. நான் தனியாக இருக்கும் பெண். விடிவதற்குள் புக்கிட் தெங்கா வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவள். முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடும் வழக்கம் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
கா. ஜெகதீஸ்வரி


12 அக்டோபர் 2024

அக்கா,

உங்கள் உத்தரவுப்படி எல்லாம் செய்தாகிவிட்டது. அலமாரியைத் தள்ளி வைத்தேன். துணியை வெளியே கம்பத்தில் போடுகிறேன். ஏர்கானை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் சுற்ற விட்டேன். வாரம் முழுக்க சீலிங் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டுதான் வந்தது. நானும் முட்டாள் மாதிரி, "அக்கா சொன்னது சரிதான் போல" என்று இவரிடம் சொன்னேன். இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் கறை நடுவில் சொட்டு சொட்டாகத் தொங்குகிறது! போன சனிக்கிழமையும் இதே கதைதான். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, சரியாக வெள்ளிக்கிழமை இருட்டியதும் என் சீலிங் மட்டும் எதற்கு அக்கா அழுகிறது?

ஜெயராஜ் புதன்கிழமை மாலை நீங்கள் வரும்வரை காத்திருந்து கதவைத் தட்டினான். நீங்கள் உள்கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "இன்னைக்கு வேணாம் தம்பி, போயிருங்க" என்று சொல்லிச் சாத்திக்கொண்டீர்களாம். அவன் கீழே வந்து, "அக்கா, ஒரு கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிச்சு. எனக்கே பயமா போச்சு லா" என்கிறான்.

இனி ஒளிக்காமல் கேட்கிறேன். தனியாக இருக்கிறேன் என்கிறீர்கள். விடியுமுன்னே நீங்கள் குளிக்கிற சத்தம் கேட்கிறது, நீங்கள் படியிறங்கிப் போகிற சத்தமும் கேட்கிறது. எல்லாம் சரி. பிறகு நடுப்பகலில் மேலே குளிப்பது யார்? கக்கூஸில் தண்ணீர் இழுப்பது யார்? பேய் குளிக்குமா? ஒரு நாள் யாரோ விசும்பி அழுத மாதிரிகூட இருந்தது. இதெல்லாம் ஆகஸ்டில்தான் தொடங்கியது, என் சீலிங் கறையும் ஆகஸ்டில்தான் தொடங்கியது. வெளிநாட்டு ஆட்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? விட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். எனக்கு உங்கள் வாடகையில் பங்கு வேண்டாம், என் வீட்டுக்காரருக்கு மூச்சுதான் வேண்டும்.

ஆயிஷா


15 அக்டோபர் 2024

திருமதி சித்தி ஆயிஷா அவர்களுக்கு,

அடுத்தவர் குளிக்கும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பது உங்களுக்கு வழக்கமாக இருக்கலாம். அதைக் கடிதத்தில் வேறு எழுத வெட்கமாக இல்லையா? பகலில் நீங்கள் கேட்டது வாஷிங் மெஷின். நேரம் வைத்துவிட்டுப் போனால் தானே ஓடும். அழுகை என்பது எந்த வீட்டுத் தொலைக்காட்சி நாடகமோ, எனக்குத் தெரியாது.

சந்தேகப்படுவது உங்களுக்கு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கொழுந்தனார் மீரா சாகிப் என்னை மார்க்கெட்டில் பார்த்தபோதெல்லாம், "வீட்ட விக்கிறதா இருந்தா சொல்லுங்கக்கா, கடைப் பையன்கள தங்க வைக்க எடம் தேடறேன்" என்று கேட்டிருக்கிறார். நான் விற்கமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் உங்கள் சீலிங்கில் தண்ணீர் வர ஆரம்பித்தது. கீழேயிருந்து நீங்களே ஈரம் பண்ணிவிட்டு என்மேல் புகார் எழுதுகிறீர்களோ என்று நினைக்க எனக்கும் உரிமை உண்டு.

என் மனச்சாட்சிக்காக ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தரை நிறைய ஊற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தேன். உங்கள் சீலிங்கில் நீலம் இறங்கியதா? இறங்கியிருந்தால் எழுதுங்கள், நாளைக்கே குளியலறையை உடைத்துக் கட்டித் தருகிறேன். இறங்கவில்லை என்றால் இனி என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கா. ஜெகதீஸ்வரி


23 அக்டோபர் 2024

திருமதி ஜெகதீஸ்வரி அவர்களுக்கு,

நீங்கள் 'திருமதி' போட்டால் எனக்கும் போடத் தெரியும்.

நீலம் இறங்கவில்லை. நீலம் ஊற்றினீர்களா என்பதற்கு யார் சாட்சி? உள்ளே விட்டால்தானே பார்க்க முடியும்! நானே என் சீலிங்கில் தண்ணீர் அடித்துக்கொள்கிறேனாம். அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூச்சு முட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் புருஷனை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்கிறவளா நான்?

பொறுத்தது போதும் என்று பதினெட்டாம் தேதியே நம் பிளாட் ஃபேஸ்புக் பக்கத்தில் படத்தோடு போட்டுவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை என்றால் பாருங்கள். "மேல்வீட்டு ஜெகதீஸ்வரி தனியாக இருப்பதாகச் சொல்கிறார், அவர் வேலைக்குப் போன பிறகும் இன்னொருவர் புழங்கும் சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கமாட்டார்" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். குடியிருப்புக் குழுத் தலைவர் இக்மல்கூட வந்து விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களைவிட வெளியாளுக்கு இரக்கம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஒருவர் தானாகத் தேடி வந்தார். பெயர் சுகுமாரனாம், நீர்க்கசிவு அடைக்கும் வேலையாம். "காசெல்லாம் பேசிக்கலாம்மா, மொதல்ல பார்த்துடறேன்" என்றார். என்ன மரியாதை! வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா'தான். சீலிங்கை ஒரு பார்வைதான் பார்த்தார், உடனே புரிந்துவிட்டது போல. மேலே யார் யார் இருக்கிறார்கள், சின்ன வயசா, பகலில் ஆள் இருக்குமா என்று விவரமாகக் கேட்டார். தே தாரேக் டீ போட்டுக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். நானே அவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தேன், கதவைத் தட்டிக் குரலும் கொடுத்தேன். உள்ளே மின்விசிறி ஓடுகிறது, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை. அவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, விரலில் கார் சாவியைச் சுற்றிக்கொண்டே பேசுகிற ஆள். ஈப்போக்காரர். சனிக்கிழமை மெஷின் எல்லாம் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் திறக்காவிட்டால் இக்மலை வைத்தே திறப்பேன். பிறகு என்மேல் வருத்தப்படாதீர்கள்.

சித்தி ஆயிஷா


அதே நாள், 23 அக்டோபர்

ஆயிஷா,

கீழே வந்து உங்கள் கதவைத் தட்ட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அவன் காரில் உட்கார்ந்து நம் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பானோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதைக் கயிற்றில் கட்டி உங்கள் துணிக்கம்பத்துக்கு இறக்குகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் மன்னியுங்கள்.

அவன் பெயர் சுகுமாரன் இல்லை. யுகேந்திரன். என் மகள் ஷர்மினியின் புருஷன்.

பகலில் நீங்கள் கேட்டது ஷர்மினி குளிக்கும் சத்தம். அழுததும் அவள்தான். ஆகஸ்டில் இடது கையில் கட்டோடு, ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றுத் துணியோடு ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். கழுத்தில் அவன் விரல் பதிந்த தடம் இருந்தது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், பாதுகாப்பு உத்தரவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், கோர்ட்டில் இன்னும் நாள் வரவில்லை. அவன் ஒரு தடவை இங்கே தேடி வந்தான். கிரில்லைக்கூடத் திறக்காமல், "அவ சிங்கப்பூர் போயிட்டா, எனக்கே போன் பண்றதில்ல" என்று சொல்லி அனுப்பினேன். நம்பிப் போய்விட்டான். நம்பர் மாற்றியது அதனால்தான். பிளம்பரை உள்ளே விடாததும் அதனால்தான். நீங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்ட அந்த வீட்டுக்குள்தான் அவள் ஒளிந்திருக்கிறாள்.

அவன் நம்பியிருந்தான், ஆயிஷா. இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் ஊருக்கே எழுதி, என் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். கையைப் பிடித்து என் வாசல்வரை கூட்டி வந்து அவள் செருப்பையும் காட்டியிருக்கிறீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கட்டிலுக்கடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாளாம். "கீழ்வீட்டு ஆன்ட்டி குரல்தான்மா கேட்டுச்சு, கூட யாரோ நின்னாங்க" என்று சொன்னாள். யார் என்று இப்போதுதான் தெரிகிறது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் சீலிங்குக்கு என்ன வேண்டுமானாலும் செய்து தருகிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை அவனை வர வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் முன்னாலேயே வந்துவிடுவான்.

ஜெகா


24 அக்டோபர் 2024

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் இவர் கையில் கொடுத்தேன். இவர் வாங்கிப் படித்துவிட்டு "மொதல்ல அந்தப் படத்த அழி" என்றார். படத்தை நீக்கிவிட்டேன். இக்மலிடம், "தப்பா எழுதிட்டேன், எங்க பைப்தான் ஓட்டை" என்று பொய் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அக்கா, கோபம் எனக்கும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? "ஆயிஷா, வீட்டில் பெண் பிள்ளை ஒளிந்திருக்கிறாள், கொஞ்சம் பொறு" என்று ஒரே ஒரு வரி? நானும் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள்தானே! என்னை என்னவென்று நினைத்தீர்கள்? வாஷிங் மெஷின் என்று கதை விட்டீர்கள். நான் ஊசிப்போன மூளையோடு வேறு என்னென்னவோ நினைத்தேன்.

நடந்தது போகட்டும். சனிக்கிழமை அவன் வரட்டும். நான் வழக்கம்போலச் சிரித்துப் பேசி அறைக்குள் நிறுத்தி வைக்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் பின்படியில் ஷர்மினியை இறக்கிவிடுங்கள். கீழே மீரா சாகிப் கடை வேன் நிற்கும். கறி வாசம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே கொண்டுபோய் விட வேண்டுமோ அங்கே விட்டு வருவார்.

ஆயிஷா


25 அக்டோபர் 2024

ஆயிஷா,

வேன் வேண்டாம்.

உங்கள் கொழுந்தனாரை எனக்குத் தெரியாது. உங்களையும் எனக்கு எவ்வளவு தெரியும்? நாலு நாளைக்கு முன்னால் அதே ஆளுக்குத் தே தாரேக் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இன்றைக்கு நீங்கள் சொல்லும் நேரத்துக்கு, நீங்கள் சொல்லும் படியில், நீங்கள் சொல்லும் வேனில் மகளை ஏற்று என்கிறீர்கள். உங்கள் மனசு சுத்தமாகவே இருக்கலாம். என் பிள்ளையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க என்னால் முடியாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஜெகா


27 அக்டோபர் 2024

அக்கா,

பெரியாஸ்பத்திரி வார்டுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவன் நேற்று வந்தான். ஏணியும் இல்லை, மெஷினும் இல்லை, கையில் அதே கார் சாவிதான். வேன் வேண்டாம் என்று நீங்கள் எழுதிவிட்டாலும், ஒருவேளை அந்தப் பிள்ளை இன்னும் மேலேயே இருந்தால் என்ன ஆகும் என்று இவர் சொன்னார். அதனால் எங்களால் ஆனமட்டும் பிடித்து வைத்தோம். இவர் சோபாவில் உட்கார்ந்தபடியே, "தம்பி, என்ன மருந்து அடிப்பீங்க?" என்றார். "நல்ல மருந்துதான் அங்கிள், இம்போர்ட் லா." "பூஞ்சணத்த மொதல்ல சுரண்டணுமே, சுரண்டுங்களேன் பார்ப்போம்" என்று ஸ்டூலில் ஏற்றிவிட்டார். சுரண்டினான். கறுப்புத் தூள் அவன் தலையெல்லாம் கொட்டியது. அடுத்து அலமாரியை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினான். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னார். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குத்தான் புரிந்துவிட்டது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு மேலே ஓடினான்.

உங்கள் கிரில்லைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "ஷர்மினி! வெளிய வாடி!" என்று அவன் கத்தியது நாலு பிளாக்குக்குக் கேட்டிருக்கும். நான் போனில் படம் பிடித்துக்கொண்டே பின்னால் ஏறினேன். எனக்கு முன்னால் இவர் ஏறிவிட்டார், அக்கா. கடைக்குக்கூட இறங்காத மனுஷன்! அந்தத் தூளையெல்லாம் மூச்சில் இழுத்துவிட்டு ஒரு மாடி ஏறி, உங்கள் கிரில்லுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். "என்னைத் தாண்டிப் போ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கிரில்லைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். சீனக் கிழவர் துடைப்பத்தோடு வந்தார், இக்மல் போலீசுக்குப் போன் அடித்தார், அவன் இறங்கி ஓடினான். கார் நம்பரும் முகமும் என் போனில் இருந்தன, பட்டர்வொர்த் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்களாம்.

எல்லாம் சரி. இவர் உங்கள் வாசலில் சரிந்து விழுந்தபோது நான் கத்தினேன். "அக்கா, கதவத் தொறங்க, தண்ணி குடுங்க, உக்கார ஒரு நாற்காலி குடுங்க" என்று. உள்ளே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் கால் நிழல் கதவுக்கடியில் தெரிந்தது. நீங்கள் திறக்கவில்லை.

இப்போது ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

ஆயிஷா


30 அக்டோபர் 2024

ஆயிஷா,

ஆமாம். நின்றுகொண்டிருந்தேன்.

ஷர்மினி அதற்கு முந்தின நாளே போய்விட்டாள். உள்ளே ஒளிக்க ஒன்றுமே இல்லை. இருந்தும் திறக்கவில்லை. அவர் விழுந்ததும் நடிப்பு, நான் திறந்ததும் அவன் உள்ளே பாய்ந்து அவள் போன இடத்தை என்னை அடித்துக் கேட்பான் என்று தோன்றியது. உங்கள் புருஷன் மூச்சுக்குத் தவிப்பதைக் கதவு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

நாளைக்குத் தீபாவளி. வீட்டில் விளக்கு மட்டும்தான். அவர் வீட்டுக்கு வந்ததும் சொல்லி அனுப்புங்கள். ஜெயராஜைக் கூட்டிக்கொண்டு எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள். நீங்களும் வாருங்கள்.

ஜெகா


9 நவம்பர் 2024

அக்கா,

நேற்று உங்கள் வீட்டில் நான் போட்ட சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். நேரில் வந்தால் மறுபடியும் கத்திவிடுவேன்.

ஜெயராஜ் குளியலறையில் மறுபடி நீலம் ஊற்றியும் ஒன்றும் இறங்கவில்லை. நீங்கள் அப்போதே உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவன் போன பிறகு, தே குடிக்கலாம் என்று மறுபடி மேலே வந்தவள் வாசலில் கால் வைத்ததும் வழுக்கியது. ஹால், சாமி அறை எல்லாம் தண்ணீர்! நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். தள்ளிய தண்ணீர் முழுக்கச் சாமி அறை மூலையில் போய் நின்றது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் கட்டில்.

"இது தரை வீடா அக்கா? பிளாட்டு! குளியலறைத் தரைக்கு மட்டும்தான் தண்ணி தாங்கற பூச்சு போட்டிருப்பான்! நீங்க கழுவின மஞ்சத் தண்ணிதான் என் புருஷன் நெஞ்சுல எறங்கியிருக்கு!" என்று கத்தினேன். என் சமையலறையை இடித்துக் கட்டியபோது அந்த மேஸ்திரி சொல்லித்தான் எனக்கே இது தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்? புக்கிட் மெர்தாஜாம் தரை வீட்டில் இருந்தபோது வாரா வாரம் கழுவின கை உங்களுடையது.

நீங்களோ, இங்கே வந்த பிறகு துடைப்பதோடு விட்டிருந்தேன், ஷர்மினி அந்தக் கோலத்தில் வந்ததும்தான் மறுபடி ஆரம்பித்தேன், அவளைப் பிடித்தது விலகும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டைக் கழுவி விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டேன் என்று அழுதீர்கள். அதற்குப் பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது, இன்னும் சோபாதான். "அந்தம்மா பிள்ளைக்காக ஊத்தினது, விடு" என்றார்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஷர்மினி எங்கே இருக்கிறாள்? கை சரியாகிவிட்டதா? அவள் கழுத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. என் பெரிய மகள் வயசுதான் அவளுக்கும். ஒரு தடவை போய்ப் பார்த்து, மன்னித்துவிடு என்று என் வாயால் சொல்ல வேண்டும். விலாசம் கொடுங்கள். இவர்மேல் ஆணையாக யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஆயிஷா


1 டிசம்பர் 2024

ஆயிஷாவுக்கு,

சாமி அறை மூலையில் பழைய ஏர்கான் குழாய் இறங்கும் இடத்தில் தரை வெடித்திருந்தது. ஜெயராஜ் அதைக் கொத்தி அடைத்துவிட்டான். அறை முழுக்கப் பூச்சும் போட்டாயிற்று. இப்போது துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கிறேன். வேண்டுதல் பாதியில் நிற்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. உங்கள் வீட்டுக்காரர் இருமுவது கேட்டால் அதைவிட அதிகமாக அடித்துக்கொள்கிறது. கடவுள் என்ன கணக்குப் போட்டாலும் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் சீலிங்கைச் சுரண்டிச் சாயம் அடிக்க நாளைக்கு ஆள் வருவான். நன்றாகக் காயாமல் அடிக்க விடாதீர்கள். சுரண்டும்போது அவரை மீரா சாகிப் வீட்டில் வைத்திருங்கள், அந்தத் தூள் அவர் மூக்கில் படவே கூடாது. பூஞ்சணம் ஏறிய மெத்தையைத் துடைத்து வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிப் போடுங்கள். புதிய மெத்தை நான் வாங்கித் தருகிறேன், மறுக்கக் கூடாது. இந்த மாதத்துக்குள் அவர் தன் கட்டிலில் படுக்க வேண்டும்.

பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டது. அவனை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள்.

ஷர்மினி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். படியில் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கண்ணும் அதைத்தான் கேட்கிறது. நான் பேசாமல் போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. என் வாசலில் வந்து நின்றவரின் மனைவி நீங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் அவள் எங்கே என்று எனக்கே தெரியாது. பாதுகாப்பு இல்லத்திலிருந்து வந்து அவளை அழைத்துப் போன பெண்கள் விலாசத்தைத் தாளில் எழுதி நீட்டினார்கள். நான்தான் வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டேன். யாராவது வாசலில் வந்து நின்று, மரியாதையாக, "அம்மா, அம்மா" என்று இரக்கமாகப் பேசிக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன், ஆயிஷா. நானும் உங்களைப் போலத்தான்.

ஜெகா